ஒரே அச்சில் இருபத்துநாலு ஜாடி

மகள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற அப்பன் என்ற பேர் மட்டும் வந்துவிடக் கூடாது. டிரைவருக்கு இருந்த கவலையெல்லாம் அது ஒன்றுதான். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன். மனைவி போன பிறகு மகள் கையோடு கூட்டி வந்துவிட்டாள். வந்த மூன்றாம் நாளே அடுப்படியைத் தன் வசம் எடுத்துக்கொண்டார். மகளும் மருமகனும் காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும். அதற்குள் டீ, சமையல், இரண்டு பேருக்கும் மதியச் சாப்பாடு என்று எல்லாம் தயார். பிறகு தன் தட்டில் போட்டுக்கொண்டு தலை நிமிர்ந்து சாப்பிடுவார்.

அந்த நிம்மதியில்தான் கண் வந்து மண்ணை அள்ளிப் போட்டது. பத்து மாதமாக, எதை நேராகப் பார்த்தாலும் நடுவில் ஒரு சாம்பல் பொட்டு. ஓரமெல்லாம் தெரியும். நடக்கலாம், மாடிப்படி இறங்கலாம். பார்க்க நினைத்த இடம் மட்டும் தெரியாது. எதிரே நிற்கிற மகளுக்குக் காது இருக்கும், தோள் இருக்கும், முகம் இருக்காது. வெளியே சொன்னால் என்ன ஆகும்? அடுப்புப் பக்கமே விடமாட்டாள். "நீங்க சும்மா இருங்கப்பா" என்பாள். சும்மா இருந்து சாப்பிடுவதற்குப் பயந்துதானே கரண்டியைப் பிடித்தார்? அதனால் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

கண் இல்லாமல் எப்படிச் சமைத்தார் என்று கேட்பீர்கள். அந்த வீட்டு டப்பாக்களின் புண்ணியம். மகள் எதையும் தூக்கிப் போடமாட்டாள். பால்பவுடர் டின்னில் உப்பு, ஐஸ்கிரீம் டப்பாவில் பருப்பு, சதுர ஊறுகாய் ஜாடியில் சர்க்கரை. பிஸ்கெட் டின்னில் ஊசி நூல். பிஸ்கெட் என்று நம்பித் திறந்து ஏமாறாத விருந்தாளி அந்த வீட்டுக்கு வந்ததே இல்லை. ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. டிரைவருக்கு அது போதும். நசுங்கிய டின் என்றால் உப்பு, சதுரம் என்றால் சர்க்கரை. கைக்கு எல்லாம் அத்துப்படி. கியர் போடுவதற்குக் குனிந்தா பார்த்தார் அத்தனை வருஷமும்?

மருமகன் மருந்துக் கிடங்கில் வேலை பார்ப்பவர். தங்கமான பிள்ளை, ஆனால் ஒழுங்கு என்றால் பைத்தியம். கிடங்கு கேன்டீனில் காலியாகிற காபித்தூள் ஜாடிகளை மூன்று மாதமாகச் சேர்த்து, வெந்நீரில் கழுவிக் காயவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். வெள்ளை பிளாஸ்டிக், உருண்டை, சிவப்பு மூடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் முடி வெட்டப் போன நேரம் பார்த்து, புருஷனும் பெண்டாட்டியும் அடுப்படியைத் தலைகீழாக்கிவிட்டார்கள். அவர் திரும்பி வருவதற்குள் பழைய டப்பாக்கள் அத்தனையும் பழைய சாமான்காரர் வண்டியில் போய்விட்டன.

அலமாரியைத் தடவிப் பார்த்தார். ஒரே அச்சில் இருபத்துநாலு ஜாடி.

"எப்படி மாமா இருக்கு?" என்றார் மருமகன், பின்னால் வந்து நின்று.

"பிரமாதம் மாப்பிள்ளை. கடை மாதிரி இருக்கு."

மாப்பிள்ளையிடம் வேறென்ன சொல்ல முடியும்?

மறுநாள் காலை ஒரு ஸ்பூன் சர்க்கரைக்கு ஏழு ஜாடி திறந்தார். முகர்ந்தார், நக்கிப் பார்த்தார். மிளகாய்த்தூளை முகர்ந்து ஒன்பது தும்மல். "சளிம்மா" என்று சமாளித்தார். சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் லேசில் விடுகிற ஆளில்லை. கீரைக்கட்டில் வந்த ரப்பர் பேண்டுகளைப் பொறுக்கி வைத்து, உப்புக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு, மிளகாய்த்தூளுக்கு மூன்று என்று மாட்டினார். பருப்பு வகையெல்லாம் குலுக்கினால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். ஐந்து நாள் ராஜா மாதிரி சமைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பருப்பு கொதிக்கிறது. ஜாடிக்குக் கை நீட்டினார். ரப்பர் இல்லை. அடுத்ததிலும் இல்லை. எதிலுமே இல்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"நான் ஏதாவது செய்யட்டுமா மாமா?" என்று மருமகன் வேறு பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். அவர் பார்க்க, ஜாடி ஜாடியாக நக்கவா முடியும்? உப்பு மூன்றாவதாக இருந்த ஞாபகம். மூன்றாவதை எடுத்து, தாராளமாகவே போட்டார்.

மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். முதல் வாய் போனதும் மகள் பேச்சை நிறுத்தினாள். டிரைவர் தானும் ஒரு வாய் எடுத்து வைத்தார். பருப்பு பாயசமாக இனித்தது.

மருமகன் கஷ்டப்பட்டு விழுங்கினார். "நல்லா இருக்கு மாமா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அந்த மரியாதையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"மாப்பிள்ளை, அந்த ரப்பரையெல்லாம் ஏன் எடுத்தீங்க?"

"எழுத்தை மறைச்சுதே மாமா."

"எந்த எழுத்தை?"

மகள் எழுந்து போய் ஒரு ஜாடியை எடுத்துவந்து அவர் கையில் வைத்தாள்.

"உப்புன்னு எழுதியிருக்குப்பா. உங்க உள்ளங்கை அகலத்துக்கு, கறுப்பு மையில. எல்லா ஜாடியிலயும் இவரே உட்கார்ந்து எழுதினாரு, உங்களுக்காக."

"எனக்காகவா?"

"பேப்பரைத் தலைகீழா பிடிச்சுக்கிட்டு நாட்டு நடப்பே சரியில்லன்னீங்களே, அன்னைக்கே தெரியும் கண்ணு மங்கிடுச்சுன்னு. கேட்டா உங்க மனசு கஷ்டப்படுமேன்னு கேக்கல. பெரிசா எழுதி வச்சா போதும்னு நினைச்சோம்." அவள் குரல் உடைந்தது. "இவ்வளவு பெரிய எழுத்துமாப்பா தெரியல?"

"உன் மூஞ்சியே தெரியலம்மா. பத்து மாசமாச்சு."

அவள் அழுதுவிட்டாள். மருமகன் தலையைக் குனிந்துகொண்டார், ஏதோ தானே அவர் கண்ணைக் குத்திவிட்டது போல. ஒளித்தவர்கள் மூன்று பேர், அதுவும் ஒரே வீட்டுக்குள், ஒருத்தர் மேல் ஒருத்தர் வைத்த பாசத்தால். இதற்கு யாரைப் போய் நொந்துகொள்வது?

மகள் மூக்கை உறிஞ்சினாள். "நாளைக்கு நான் லீவு போடறேன். காலையில முதல் வேலையா கண் டாக்டர்கிட்ட போறோம்."

"சரிம்மா."

அதற்கு மேல் அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தார். சொல்லவில்லை. பொறுக்கமாட்டாமல் அவரே கேட்டார், சின்னப் பிள்ளை குரலில்:

"சமையல்?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பதினோரு மணிக்கெல்லாம் திரும்பிடலாம்பா. மத்தியானத்துக்கு என்ன பண்ணப் போறீங்க?"

கையில் இருந்த உப்பு ஜாடியின் மூடியை இறுக்கித் திருகினார்.

"உப்பு போட்டு ஏதாவது பண்றேம்மா" என்றார்.