கைப்பிடியில் கட்டிய துணி

முனீஸ்வரி தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டாள். எதற்குத் தூக்கினோம் என்று தெரியவில்லை. திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

உள்ளே பெஞ்சில் அவள் புருசன் பாண்டியராஜன் கிடந்தான். காலையில் ஒத்தக்கடையில் ஒரு வீட்டுத் தோட்டத்துக்குப் புல்லு வெட்டுகிற மெஷினோடு போன மனுசன். நெஞ்சுவலியாம், கொண்டுவரும்போதே உயிர் இல்லையாம். சட்னியில் உப்பு கூட என்று மூஞ்சியைச் சுளித்துவிட்டுப் போனவன் எப்படிச் செத்துப்போவான்? அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை.

வாசலில் அவளுடைய அண்ணன் முத்துக்கருப்பனின் குரல் ஏறிக்கொண்டிருந்தது. அந்தத் தோட்டத்து வீட்டுக்கார ஸ்வர்ணாம்மா கேதத்துக்கு வந்திருந்தார். வந்தவரை அண்ணன் உட்காரக்கூட விடவில்லை.

"விழுந்து ரொம்ப நேரம் ஆகியிருக்கும்னு டாக்டர் சொல்றாரு. அம்புட்டு நேரம் நீங்க என்னம்மா பண்ணுனீங்க?"

"மெஷின் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சுப்பா. வேலை பாக்குறாருன்னு நெனச்சேன். பெட்ரோல் தீந்து சத்தம் நின்னப்புறந்தான் காபி எடுத்துட்டு வந்தேன்."

"கைப்பிடில இருக்குற கம்பிய விட்டா மெஷின் தன்னால நின்னுரும். நானும் ஓட்டுனவன்தாம்மா. ஆளு கீழ கெடக்கும்போது சத்தம் எங்கிட்டு இருந்து வந்துச்சு? பாத்தும் பாக்காம இருந்துட்டு கதை விடாதீங்க."

"நான் கேட்டேனே..." என்றார் ஸ்வர்ணாம்மா. பிறகு, "எனக்கும் ஒண்ணும் புரியலப்பா" என்றார். தன் காதையே சந்தேகப்படுகிற மாதிரி இருந்தது அவர் முகம்.

முனீஸ்வரிக்குப் புரிந்தது.

போன வாரம் பாண்டியராஜன்தான் சொன்னான். "எடது கை மரத்துப் போகுது புள்ள. கம்பிய அமுக்கிப் பிடிக்க முடியல." நாளெல்லாம் அதிர்கிற மெஷின், கை மரக்காமல் என்ன செய்யும் என்று தைலம் தேய்த்துவிட்டாள். பழைய பச்சைச் சேலையின் ஓரத்தைக் கிழித்து, கம்பியைக் கைப்பிடியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள்.

"கட்டக் கூடாதுன்னு கடைக்காரன் சொன்னான்டி."

"கல்லு பொறுக்கிக்கிட்டு மெஷினுக்கு முன்னாடி நாந்தான போறேன். நான் பாத்துக்கிர மாட்டேனா?"

இன்றைக்கு மேல்வலி என்று அவள் போகவில்லை.

அப்போ கை மரத்தது மெஷினாலா, நெஞ்சாலா? கட்டாமல் விட்டிருந்தால் சத்தம் உடனே நின்றிருக்கும், அந்தம்மா வந்து பார்த்திருக்கும். பார்த்திருந்தால் பிழைத்திருப்பானா? யாரிடம் கேட்பது? பெண்டாட்டியே கொன்றுவிட்டாள் என்பார்கள். அவளுக்குப் பயமாக இருந்தது.

"முனீசு," என்று பாண்டியராஜனின் அக்கா ஒச்சாயி உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "கால் பெருவெரலச் சேத்துக் கட்டணும். ஒரு துணி கிழிச்சுக் கொண்டாத்தா."

துணிப்பெட்டியைத் திறந்தாள். மூடினாள். வாசலுக்கு வந்தாள்.

"போலீசுக்குப் போகாம விடமாட்டேன்" என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தான்.

குட்டியானை வண்டியில் கொண்டுவந்து இறக்கிய மெஷின் சுவரோரமாக நின்றது. யாரோ அதன்மேல் சாக்கைப் போட்டிருந்தார்கள். அவள் சாக்கை இழுத்துப் போட்டுவிட்டுக் குனிந்தாள். இரட்டை முடிச்சு. நகத்துக்கு வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். முடிச்சு விட்டதும் கம்பி டக்கென்று விலகி நின்றது.

அண்ணன் பேச்சை நிறுத்தினான். கம்பியைப் பார்த்தான், அவள் கையில் இருந்த பச்சைத் துணியைப் பார்த்தான்.

"யாரு கட்டுனது?"

"நாந்தாண்ணே."

அவன் தலையில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

அவள் ஸ்வர்ணாம்மாவிடம், "நீங்க கேட்டது நெசந்தாம்மா" என்றாள். அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

உள்ளே போய்க் காலடியில் உட்கார்ந்தாள். துணியில் பெட்ரோல் வாடையும் புல் வாடையும் அடித்தன. ஒச்சாயி இரண்டு பாதத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். முனீஸ்வரி பெருவிரல்களைச் சுற்றி இரட்டை முடிச்சுப் போட்டாள். ரொம்ப இறுகிவிட்டதோ என்று அவிழ்த்து, கொஞ்சம் தளர்த்தி மறுபடியும் கட்டினாள்.