மூத்தவளின் பெயர்

...இல்லை, அவர் பேச்சில் எங்கோ ஓர் ஓட்டை இருக்கிறது, அதைப் பிடித்துவிட்டால் போதும், பேனா எங்கே போய்த் தொலைந்தது... பேராசிரியை மேடை மேசையைத் துழாவினாள். பக்கத்தில் மைக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார் மீசைக்காரர், அவளுடைய ஒவ்வொரு கட்டுரையோடும் மல்லுக்கு நிற்கும் சக வரலாற்றாசிரியர். "செத்த குழந்தையோட பேரையே அடுத்த குழந்தைக்கும் வெச்சாங்களாம், அதனால அந்தக் காலத்துல பெத்தவங்களுக்குப் பாசமே இல்லையாம். ஏங்க, அழுததை யாராவது பதிவேட்டுல எழுதுவாங்களா?" கூட்டம் சிரித்தது. சிரிக்கட்டும், பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகளைப் புரட்டித் தும்மியே செத்தவள் அவளல்லவா, ஒரு குழந்தை போகும், அடுத்தது வரும், அதே பெயர், காலியான வேலைக்கு ஆள் எடுப்பதுபோல... குழந்தைகள் பிழைக்கத் தொடங்கிய பிறகுதான் பெற்றவர்கள் மனதைக் கொடுக்கத் துணிந்தார்கள், இதுதான் அவள் புத்தகம், பதவி உயர்வும் அதனால்தான். அதோடு நின்றிருக்கக் கூடாதா? முன்னுரையில் அதை எழுதச் சொல்லி யார் அழுதார்கள்? 'எனக்கு முன் பிறந்து இறந்த அக்காவின் பெயர்தான் எனக்கும், அவளுக்காக என் தாய் அழுது நான் பார்த்ததில்லை'... என்ன ஒரு துணிச்சல், சீ.

மூன்றாவது வரிசையில் அம்மா. வராதேம்மா, உனக்கு அலுத்துப்போகும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், "நீ பேசறதை நான் கேக்க வேண்டாமா குட்டி?" என்று கிளம்பி வந்துவிட்டாள். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் புத்தகம் முழுவதையும் படித்தவள், முடித்த அன்று சமையலறையில் நின்று சொன்னாள். "நல்லா எழுதியிருக்கே குட்டி. முன்னாடி ஒரு இடத்துல மட்டும்..." தப்பா அம்மா, என்ன அது? "ஒண்ணுமில்லை விடு, அதான் அச்சாயிடுச்சே." மகளும் விட்டுவிட்டாள்! என்றோ செத்துப்போன குமாஸ்தாவின் கிறுக்கலைப் படிக்க ஊர் ஊராக ரயில் ஏறியவள், சமையலறையில் நின்ற சாட்சியை ஒரு வார்த்தை கேட்கவில்லை, தப்பித்தோம் என்றுகூட நினைத்தாள். குட்டி... தலை நரைத்த பிறகும் குட்டி. அப்பா அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார், அத்தை, பக்கத்து வீட்டார் எல்லோரும்தான். அம்மா? கணக்கு டீச்சர், வகுப்பிலுள்ள அத்தனை பெயரையும் ஒரே மூச்சில் கூப்பிடுகிறவள். காய்ச்சலில் படுத்தபோது? குட்டி. கல்யாண மேடையில்? குட்டிதான். கோபத்தில்கூட, ஏய் குட்டி... ஒரு தடவையாவது, ஒரே ஒரு தடவை அந்தப் பெயரை அம்மா வாயால் கேட்டிருக்கிறாளா? அப்படியானால் அந்தப் பெயரை வைத்தது யார், அப்பாவா, அத்தையா, அம்மா வேண்டாம் என்று சொன்னாளா, சொல்ல விட்டார்களா... ஒரு வீட்டை வைத்து முடிவுக்கு வராதீர்கள் என்று மாணவர்களை விரட்டுகிறவள் அந்த ஒரு வீட்டையும் சரியாகப் பார்க்கவில்லையே.

மீசைக்காரர் ஒருவழியாக உட்கார்ந்தார். "இப்போ நம்ம பேராசிரியை பதில் சொல்வாங்க" என்ற கூட்டத் தலைவர், அவள் பெயரை மைக்கில் முழுசாக, கணீரென்று அழைத்தார். கைதட்டல். எழுந்தாள், குறிப்பு எடுத்த தாள் மேசையிலேயே கிடந்தது. அரங்கம் மொத்தமும் அவளை நிமிர்ந்து பார்த்தது. அந்தப் பெயரைக் கேட்ட அம்மா மட்டும் குனிந்து தன் வெறும் மடியைப் பார்த்தாள்.