அட்டையில் இருந்த இரண்டு

அட்டையில் ‘2’ எங்கே இருக்கிறது என்றுதான் ஆண்டனிராஜுக்குத் தெரியவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் ‘காந்தக்கையன்’ காமிக்ஸின் முதல் இதழ் பளபளவென்று இருந்தது. கீழ்மூலையில், சுழியும் வாலுமாக, ஓவியர் வேலுசாமியின் கையெழுத்து. பெட்டிக்குள் மேலே இருந்த சீட்டு ஆங்கிலத்தில் சொன்னது: மதிப்பெண் 8.0. அட்டையில் மையால் ‘2’ என்ற எண்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். வெயிலில் சாய்த்தும் பார்த்தான். காந்தக்கையனின் மார்பில்கூட இரண்டு இல்லை.

காமிக்ஸுக்குத் தரம் போடுவதில் மந்திரம் ஒன்றும் கிடையாது. பத்துக்கு இத்தனை என்று மார்க். முதுகில் மடிப்பு விழுந்தால் குறையும், ஸ்டேப்ளர் பின் துருவேறினால் குறையும், மூலை மழுங்கினாலும் குறையும். வரைந்தவரின் கையெழுத்து குறையல்ல. ஆனால் அதைத் தவிர வேறு பேனாக் கீறல் இருந்தால் அது குறை. மார்க் போட்டதும் பெட்டியின் விளிம்பை உருக்கி ஒட்டிவிடுவார்கள். அதை உடைத்தால் மார்க் செல்லாது.

மார்க் போடும் அமெரிக்க நிறுவனத்துக்கு இதழ்களை அனுப்பியது பெரியப்பா மகன் சார்லஸ், நியூஜெர்சியில் இருப்பவர். விடுமுறைக்கு வந்தபோது இருவரும் பாலசமுத்திரத்தில் வேலுசாமி வீட்டுக்குப் போய், ஆளுக்கொரு பிரதியில் கையெழுத்து வாங்கினார்கள். இரண்டையும் அவர்தான் கொண்டுபோனார்.

ஆண்டனிராஜ் போன் போட்டான்.

“அண்ணே, உங்களுக்கு எம்புட்டு?”

“ஒம்பது புள்ளி நாலு. என் சீட்டுல ஒரு குறையும் இல்ல.”

“எனக்கு எட்டுதான். ரெண்டுன்னு எழுதியிருக்காம். நான் பொத்திப் பொத்தி வச்ச புக்குண்ணே அது. இது என்னுது மாதிரி தெரியல.”

“ஏலே, நான் மாத்திட்டேங்கிறியா?”

“நான் அப்படிச் சொல்லல.”

“சொல்லாமலே கேக்குது அப்பு. நல்லா இரு.”

அதோடு சார்லஸ் பேச்சை நிறுத்திக்கொண்டார். ஈஸ்டருக்கும் போன் வரவில்லை. ஒரே இதழின் இரு ஓரங்களைப் பிடித்துக்கொண்டு படித்து வளர்ந்தவர்கள் அவர்கள். அலமாரியில் அந்தப் பெட்டியைப் பார்க்கவே ஆண்டனிராஜுக்குக் கசந்தது.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்த அவன் மனைவி ரீனா பரீட்சைத் தாள் திருத்த உட்கார்ந்தாள். டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இங்க பாருங்க, இம்புட்டுப் பெருசாவா சுழி போடுவான்? எனக்கு முந்தியே எவளோ ரெண்டு மார்க் போட்டுட்டாளோன்னு நெனச்சேன்.”

ஆண்டனிராஜ் தாளை வாங்கிப் பார்த்தான். முதல் பக்கத்தின் உச்சியில் ‘உ’. அடியில் நூலால் கட்டிய கூடுதல் தாள்களைப் புரட்டினான்.

“இதுலயெல்லாம் ஏன் போடல?”

“ஒரு தடவ தொடங்குனாப் போதாதா? தாளுக்குத் தாளா பிள்ளையாரக் கூப்பிடுவாங்க?”

அவன் எழுந்துபோய்ப் பெட்டியை எடுத்தான். கையெழுத்தின் தலைமாட்டில், அதன் வளைவு என்றே அவன் எண்ணியிருந்த சின்னச் சுழி. கீழே நீண்ட கோடு.

அன்றைக்கு பாலசமுத்திரத்தில் சார்லஸ் வெளியே குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். வேலுசாமி பேனா மூடியைத் திறந்துவிட்டு, “அவரு வரட்டுங்க. உங்களுத மொதல்ல கொடுங்க தம்பி” என்று கை நீட்டியது நினைவுக்கு வந்தது.

ரொம்ப நேரம் மணி அடித்த பிறகே சார்லஸ் எடுத்தார்.

“அண்ணே, உங்க புக்குல கையெழுத்துக்கு மேல சுழி இருக்கா?”

“செத்த நேரம் இரு.” அலமாரி திறக்கும் சத்தம். “இல்ல. ஏன்?”

ஆண்டனிராஜ் எல்லாவற்றையும் சொன்னான். மன்னிப்பும் கேட்டான்.

“சர்ச்சுக்குப் போற ரெண்டு பேரு சண்டையத் தீக்கப் பிள்ளையாரு வரவேண்டியிருக்கு பாரு,” என்றார் சார்லஸ். சிரித்தார்.

சீட்டு சொன்ன ‘2’ எண் அல்ல, பிள்ளையார் சுழி. எதையும் எழுதத் தொடங்கும்போது அதை ஒரு முறைதான் போடுவார்கள். வேலுசாமி முதலில் கையெழுத்திட்டது ஆண்டனிராஜின் பிரதியில். ஆகவே சுழி உள்ள பிரதிதான் அவனுடையது.