பதினைந்து வருட அனுபவம்

அலுவலகத்தில் அவருக்குப் புலவர் என்று பெயர். கூரியர் கம்பெனியில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிற வேலை. பார்சல் தொலைந்துபோன ஆத்திரத்தில் கன்னாபின்னாவென்று திட்டியவர்கள்கூடப் புலவரின் பதிலைப் படித்துவிட்டு, "பரவாயில்லை, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று திருப்பி எழுதுவார்கள் என்பது அங்கே வழக்கமான கேலி. கம்பெனி கைமாறியபோது பதில் எழுதும் வேலையை ஒரு மென்பொருள் எடுத்துக்கொண்டது. நாற்பத்தோரு வயதில் புலவர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

வீடு என்றால் தங்கை வீடு. கல்யாணம் காட்சி என்று எதுவும் அமையாத மனிதர். மாடியில் சாமான் போட்டு வைத்திருந்த அறையை ஒழித்துக் கொடுத்தாள் தங்கை.

"உனக்கு எழுத வருதுண்ணா. எழுதியே பொழைக்கலாமாம், எங்க ஆபீஸ்ல சொன்னாங்க. முதல்ல சொந்தமா ஒரு பிளாக் ஆரம்பிக்கணுமாம். அதைப் பாத்துட்டு வேலை குடுப்பாங்களாம்."

ஆரம்பித்தார். முதல் இரண்டு மாதம் பொறுமை, விடாமுயற்சி, விடியற்காலையில் எழுவது என்று எழுதித் தள்ளினார். தான் எட்டு மணிக்கு முன்னால் எழுந்ததில்லை என்பதை அவர் பொருட்படுத்தவில்லை. படித்தவர்கள் பதினொரு பேர். அதில் தங்கையே நாலு தடவை.

தங்கையின் கணவர் வாஷிங் மெஷின் மெக்கானிக். வாரம் முழுக்க ஸ்கூட்டரில் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிறவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடும்போதுதான் அவர் வாய் திறக்கும். திறந்தால் மூடாது.

"மிஷின் செத்துப்போச்சுன்னு கூப்பிட்டாங்க மச்சான். போய்ப் பாத்தா சாகவெல்லாம் இல்ல, தொண்டையில முள்ளு. அடியில ஒரு வடிகட்டி இருக்குமில்ல, அதுல மூணு ஹேர்பின், ஒரு சட்டை பட்டன், பாதி சாக்ஸ். மிஷினும் மனுஷன் மாதிரிதான். என்னத்த முழுங்கினோம்னு சொல்லாது. வயித்த வலிக்குதுன்னு மட்டும் கத்தும்."

தங்கை சிரித்துப் புரையேறினாள். புலவர் சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு நேரே மாடிக்குப் போனார்.

'மெக்கானிக் ஒருவர் சொன்னார்' என்று தொடங்கி எழுதிப் பார்த்தார். சப்பென்று இருந்தது. அதை அடித்துவிட்டு, 'நேற்று ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன்' என்று மாற்றினார். வாக்கியம் நிமிர்ந்து உட்கார்ந்தது. இரண்டு நாளில் அதை நாலாயிரம் பேர் படித்தார்கள்.

அப்புறம் என்ன, ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று ஆகிவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் சாப்பாடு, ஒவ்வொரு திங்களும் பதிவு. எட்டாவது பதிவுக்கு வீட்டுக் குறிப்புகள் வெளியிடும் ஓர் இணைய இதழிலிருந்து ஆசிரியை போன் செய்தார்.

"வாரா வாரம் எங்களுக்கு எழுதித் தர முடியுமா சார்? படிக்கிறப்போ பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கு. எத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கீங்க?"

உண்மையைச் சொல்ல அதுதான் இடம். புலவருக்கும் அது தெரிந்தது. ஆனால் ஏழு மாதமாக யாரும் அவரை 'சார்' என்று கூப்பிட்டிருக்கவில்லை.

"பதினஞ்சு வருஷம்" என்றார். அது மாப்பிள்ளையின் கணக்கு.

வேலை கிடைத்துவிட்டது, வீட்டுக் குறிப்பு எழுதுகிறேன் என்று மட்டும் கீழே சொன்னார். தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மாலையே முதுகு வலிக்காத நாற்காலி ஒன்று வாங்கி வந்தாள். அதைத் தலையில் வைத்து மாடிக்குத் தூக்கி வந்தவர் மாப்பிள்ளைதான். "உக்காந்து பாருங்க மச்சான், ஆடுதா?" என்று குனிந்து ஒவ்வொரு காலாகத் திருகிச் சரிசெய்தார். தங்கைக்குப் பதவி உயர்வு வந்து வேலை கழுத்தை நெரித்ததில், இரண்டு மூன்று மாதமாக அவள் பிளாக் பக்கமே போயிருக்கவில்லை. "மொத்தமா ஒருநாள் உக்காந்து படிக்கிறேண்ணா" என்றாள். மாப்பிள்ளை போனில் வாடிக்கையாளர் முகவரியைத் தவிர எதையும் படிக்கிற ஆள் இல்லை. இரண்டும் புலவருக்கு வசதியாகப் போயிற்று.

இணைய இதழின் மூன்றாவது வாரத்துக்கு அந்த வடிகட்டிக் கதையையே விரிவாக்கினார், யாரும் வீட்டில் தானே செய்துகொள்ளும்படி. எப்படித் திறப்பது, எப்படிக் கழுவுவது என்று மாப்பிள்ளை வாயைக் கிளறி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். மாப்பிள்ளையும் ஆசையாகச் சொன்னார். "ஆனா சுடுதண்ணி ஓடின மிஷினை உடனே தொறக்கக் கூடாது மச்சான். பிளக்கைப் புடுங்கிட்டு அரை மணி ஆற விடணும். உள்ள நிக்கிற தண்ணி கையை அவிச்சிரும்."

அதையும் எழுதத்தான் எழுதினார். பத்தி, வயிற்று வலி வேடிக்கையோடு அழகாக முடிந்தது; அதன் வாலில் இந்த எச்சரிக்கை தொங்கிக்கொண்டிருந்தது. முன்னால் நகர்த்தினால் வேகம் போயிற்று. ஏற்கெனவே ஆசிரியை சொன்ன அளவைத் தாண்டியும் இருந்தது. இரண்டு தடவை வாசித்துவிட்டு அந்த வரியை எடுத்துவிட்டார்.

பத்து நாள் கழித்து, ஒரு புதன்கிழமை சாயங்காலம், மாப்பிள்ளை வந்ததும் வராததுமாகச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். பையைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னைக்கு ஒரு அம்மா வீட்டுக்குப் போனேன் மச்சான். லைப்ரரில வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்க. தனியா இருக்காங்க. மணிக்கட்டுல பெரிய கட்டு. என்னம்மா ஆச்சுன்னா, போன்ல ஒரு கட்டுரைய எடுத்துக் காட்டினாங்க. அதைப் பாத்துத் தானே சுத்தம் பண்ணலாம்னு தொறந்திருக்காங்க. கொதிக்கிற தண்ணி அப்படியே கொட்டிருச்சு."

புலவர் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"தப்பு என்னோடதுதான், எழுதினவர் பதினஞ்சு வருஷ அனுபவஸ்தர், நான்தான் சரியாப் படிக்கலேன்னு வேற சொல்றாங்க. வாங்கிப் படிச்சேன், என் போனுக்கும் அனுப்பச் சொன்னேன். தொண்டையில முள்ளு, வயித்து வலி, எல்லாம் இருந்துச்சு. அரை மணி ஆற விடணும்ங்கறது மட்டும் இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "மேல உங்க போட்டோ நல்லா வந்திருக்கு மச்சான்."

"எந்த போட்டோ?" என்று தங்கை போனை வாங்கிப் பார்த்தாள். மேலிருந்து கீழே படித்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "அண்ணா, நீ எப்போ மெக்கானிக் ஆன?"

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் உட்கார்ந்திருந்தார் புலவர். ஆயிரம் பேருக்குச் சமாதானம் எழுதிய கை அது. தனக்கென்று ஒரு வார்த்தை வரவில்லை.

"மாப்பிள்ளை..."

"முதல்ல அந்த வரியைச் சேருங்க. இன்னும் எத்தனை பேர் தொறக்கப் போறாங்களோ. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

ஆசிரியையைக் கூப்பிட்டு, ஒரு வரி விட்டுப்போயிற்று, உடனே சேர்க்க வேண்டும் என்றார். ஐந்து நிமிடத்தில் சேர்த்தார்கள். "இவ்வளவு அக்கறையா இருக்கீங்களே சார்" என்றார் ஆசிரியை. மற்றதைச் சொல்லாமல் புலவர் போனை வைத்தார். அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டோமே என்று ராத்திரி முழுக்கத் தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் பூராவும் கீழே இறங்கவே இல்லை. தங்கை தட்டைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மாப்பிள்ளை ஸ்கூட்டரில் பையை மாட்டிக்கொண்டே, யாருக்கோ சொல்வதுபோல், "அந்த அம்மா வீட்டுக்குப் பம்ப் மாத்தப் போறேன்" என்றார். புலவர் படியிறங்கி வந்தார். "நானும் வரேன்." மாப்பிள்ளை பின்சீட்டில் மாட்டியிருந்த பையை எடுத்து முன்னால் காலுக்கிடையில் வைத்துக்கொண்டார்.

மூன்றாவது மாடி. நடைவழி நெடுக அலமாரிகள், முதுகில் எண் ஒட்டிய புத்தகங்கள். கதவைத் திறந்த அம்மாள் மாப்பிள்ளையைப் பார்த்துத் தலையசைத்தார். பின்னால் நின்றவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்க... அவர்தானே? அந்தக் கட்டுரை! அய்யோ, வாங்க, உள்ள வாங்க. தம்பி, இவ்ளோ பெரியவரைக் கூட்டிட்டு வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

மாப்பிள்ளை மெஷின் அருகில் உட்கார்ந்து திருப்புளியை எடுத்தார்.

"கையிலே பட்டதுக்கு நீங்க வருத்தப்படாதீங்க சார். என் அவசரம். அச்சுல வர்றதை நான் குறை சொல்ல மாட்டேன்" என்று அந்த அம்மாள் கட்டுப் போட்ட கையைப் புடவைத் தலைப்பால் மறைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இவர் சரியாத்தான் பண்றாரான்னு கொஞ்சம் பாருங்களேன். நாலு விஷயம் சொல்லிக் குடுத்தா அவருக்கும் நல்லதுதானே."

மாப்பிள்ளையின் முதுகு ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு திருப்புளி மறுபடி சுற்றியது. புலவர் மெஷினுக்குள் எட்டிப் பார்த்தார். நீலமாக ஒரு கம்பி, கறுப்பாக ஒரு குழாய். எது பம்ப் என்றே அவருக்குத் தெரியவில்லை.

"அம்மா, எனக்கு இந்த மிஷினைத் தொறக்கவே தெரியாது."

அடக்கத்தில் சொல்கிறார் என்று நினைத்து அவர் சிரித்தார்.

"நெஜமாத்தாம்மா. அந்தப் பதினஞ்சு வருஷம் இவரோடது. என் தங்கச்சி வீட்டுக்காரர். சாப்பிடும்போது இவர் சொல்றதை மாடில போய் எழுதி என் பேரைப் போட்டுக்கிட்டேன்."

அம்மாளின் சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் கொஞ்ச நேரம் வழிதெரியாமல் நின்றது. "அப்ப ஆற விடணும்ங்கறது இவருக்குத் தெரியாதா?"

"சொன்னார். நான்தான் விட்டுட்டேன்."

"மறந்துட்டீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவரே வழி காட்டிவிட்டார். "இல்லம்மா. அந்த வரி இருந்தா பத்தி நல்லா முடியல."

அம்மாள் தன் மணிக்கட்டைப் பார்த்தார். "பத்தி நல்லாத்தான் முடிஞ்சிருந்தது" என்றார்.

பிறகு மாப்பிள்ளையிடம், "தம்பி, உங்களுக்கு டீல எவ்ளோ சர்க்கரை?" என்று கேட்டு உள்ளே போனார். புலவருக்கும் டீ வந்தது. ஆனால் சர்க்கரை எவ்வளவு என்று அவரை யாரும் கேட்கவில்லை.

படியிறங்கும்போது மாப்பிள்ளை, "சொல்லச் சொல்லி நான் உங்களைக் கூட்டிட்டு வரல" என்றார்.

"தெரியும் மாப்பிள்ளை."

"எழுதிக்கட்டுமான்னு ஒரு தடவை கேட்டிருக்கலாமே மச்சான். வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

அன்றைக்கே புலவர் ஆசிரியைக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினார். மூன்று வரியில் மரியாதையாகப் பதில் வந்தது, தொடரை நிறுத்திவிட்டார்கள். மாப்பிள்ளையின் பேரில் தொடர்ந்து வெளியிடலாமா என்று கேட்டிருந்தார்கள். "நமக்கெதுக்கு மச்சான் அதெல்லாம்" என்று சொல்லிவிட்டார் அவர். தன் பிளாக்கில் அந்தப் பதிவுகளுக்கெல்லாம் மேலே, இது என் அனுபவம் அல்ல என்று புலவர் எழுதிச் சேர்த்தார். படித்துவிட்டுச் சிலர் காறித் துப்பினார்கள். ஒரு மருந்துக் கடைக்காரர் மட்டும், "மருந்து சாப்பிடும் முறையை எளிமையாக எழுதித் தர ஆள் தேடுகிறேன். எச்சரிக்கை எதையும் விடக் கூடாது, விட மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்" என்று எழுதினார். அப்படித்தான் அவருடைய எழுத்து வேலை தொடங்கியது. துண்டுப் பிரசுரம், அறிவிப்பு, கடைகளுக்குக் கடிதம். எதிலும் பெயர் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நிற்கவில்லை. ஆனால் மாப்பிள்ளை மழையைப் பற்றியும் ரோட்டைத் தோண்டிப் போட்டிருப்பதைப் பற்றியும்தான் பேசினார். ஒருநாள் புலவர் படியிறங்கும்போது உள்ளே அவர் தங்கையிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டதும் பேச்சு நின்றது. புலவர் பாதிப் படியிலேயே நின்று, வந்த வேலை மறந்துபோனவர்போல் திரும்பி ஏறிப் போனார்.

நாலு மாதம் இப்படியே போயிற்று. ஒரு ஞாயிறு, தங்கை பரிமாறிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை சட்டென்று ஆரம்பித்தார். "நேத்து ஒரு வீட்டுல மிஷின் தானா நடக்குதுன்னு கூப்பிட்டாங்க. பேய் புடிச்சிருச்சாம். போனா, மிஷின் பாத்ரூம்லேர்ந்து ஹால் வரைக்கும் வந்து நிக்குது, அதைச் சுத்திக் குடும்பமே கும்பிட்டுட்டு நிக்குது..." பாதியில் நிறுத்திப் புலவரைப் பார்த்தார். "இதை எழுதிடாதீங்க மச்சான்."

தங்கை சிரித்தாள். மாப்பிள்ளையும் சிரித்தார். புலவரும் சிரித்தார், காது மடல் இரண்டும் சுட்டது. மாப்பிள்ளை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அருமையான கதை. கேட்டுக்கொண்டிருக்கும்போதே முதல் வாக்கியம் தலைக்குள் தானாக அமைந்துவிட்டது. புலவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார்.