ஒரு குழு, ஒரு பதிவு

எனக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. மற்றவர்கள் எழுதிய மென்பொருளை நோண்டி நோண்டிக் குற்றம் கண்டுபிடிப்பதுதான் பதினோரு வருடமாக என் பிழைப்பு. "அவ கை பட்டா அதுல தப்பே இருக்காது" என்று அம்மா வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். கேட்டுக் கேட்டு எனக்கும் தலைக்கனம் ஏறிப்போயிருந்தது.

தம்பிக்குப் படிப்பு முடிந்து மூன்று வருடமாக வேலை இல்லை. ஒரு வருடமாக அறையை விட்டு அவன் வெளியே வருவது சாப்பாட்டுக்கு மட்டும்தான். அப்பா அவனிடம் பேசுவதை நிறுத்திவிட்டுச் சுவரிடம் பேசிக்கொண்டிருந்தார். "துரைக்கு இன்னும் பொழுது விடியலையா?"

அப்படிப்பட்டவன் ஒருநாள் என் முன்னால் வந்து நின்றான். "அக்கா, ஹேக்கத்தான்னு ஒரு போட்டி. ரெண்டு நாள்ல ஒரு ஆப் செஞ்சு காட்டணும். ஜெயிச்சா நேரா வேலை. ஆனா குழுவுல ரெண்டு பேராவது இருக்கணுமாம். எனக்கு வேற யாரு இருக்கா?"

"செய்யறது உன் வேலை. அனுப்புறதை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

கூடத்து மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தான். அவன் செய்த ஆப், வருகிற பஸ்ஸின் பக்கம் போனைக் காட்டினால் அதன் நம்பரை உரக்கப் படித்துச் சொல்லும்; கண் தெரியாதவர்களுக்காக. அது முதல்முறை சரியாகச் சொன்னபோது பயல் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது! அப்பாகூடச் செய்தித்தாளை இறக்கிப் பார்த்தார்.

நான் விதிகளை அச்செடுத்து வரிவரியாகக் கோடு போட்டேன். பழைய வேலையைப் புதிது என்று காட்டக் கூடாது, காட்டவில்லை. வீடியோ மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு நொடி குறைவாகவே இருந்தது. அது வெளியாருக்கும் திறக்கிறதா என்று, அம்மா சமையலில் இருந்தபோது அவள் போனை எடுத்துக்கூடப் போட்டுப் பார்த்தேன். பகல் ஒரு மணிக்குக் கெடு. பதினொன்றுக்கே படிவத்தைத் திறந்துவிட்டேன்.

எந்தப் படிவத்தையும் ஒருமுறை பொய்யாக நிரப்பிப் பார்க்காமல் எனக்குக் கை ஓடாது. குழுவின் பெயரைப் போட்டு, விளக்கத்தில் 'அஆஇஈ' என்று தட்டி, ஒரு காலிக் கோப்பை இணைத்து அனுப்பினேன். பச்சை டிக் வந்தது. சரி, படிவம் ஒழுங்காக வேலை செய்கிறது. அப்புறம்தான் தம்பியின் உண்மையான வேலையை அனுப்பினேன். அதற்கும் பச்சை டிக்.

மூன்றாம் நாள் மின்னஞ்சல் வந்தது. தகுதி நீக்கம். ஒரு குழுவுக்கு ஒரே பதிவு, முதலில் வந்ததே செல்லும். அந்த முதல் பதிவில் எதுவுமே இல்லையாம்.

போட்டி நடத்துகிறவர்களுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "அது சும்மா டெஸ்ட்டுக்குப் போட்டதுங்க!"

"நாலாவது விதியை நீங்க படிக்கலையா மேடம்?" என்றாள் போனை எடுத்த பெண்.

படித்தேன். கோடும் போட்டேன். ஆனால் சோதனைக்குப் போட்டதும் ஒரு பதிவுதான் என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. ஆபீஸில் அதையெல்லாம் மறுநாள் யாராவது துடைத்துவிடுவார்கள்.

தம்பியிடம் சொன்னேன். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவன் "சரி விடுக்கா" என்றான்.

சாயங்காலம் அப்பா சுவரைப் பார்த்துக் கேட்டார். "என்னாச்சு அந்தப் போட்டி?"

நான் வாயெடுப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான். "தப்பா அனுப்பிட்டேன்பா. எடுத்துக்கல."

"அதானே பாத்தேன். ஒண்ணையாவது உருப்படியா செஞ்சிருக்கானா?"

"அக்காகிட்ட ஒரு தடவை காட்டியிருக்கலாமேடா" என்றாள் அம்மா.

தம்பி என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். 'இல்லம்மா, நான்தான்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. பாவி, நான் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் அவன் சாப்பிடக்கூட வெளியே வருவதில்லை. தட்டை நான்தான் கொண்டுபோகிறேன். கதவைக் கொஞ்சமாகத் திறந்து வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் "தேங்க்ஸ்க்கா" என்கிறான்.