கேற்றில் மாட்டிய பை

சனிக்கிழமைகளில் விடிய சுபஹ் தொழுதுவிட்டு எட்டுப் பேர் கடற்கரைக்குப் போவோம். ஆறு மாதமாக நானும் போகிறேன். போத்தல்கள் இருக்கும், அறுந்த வலைத் துண்டுகள் இருக்கும், ஒற்றைச் செருப்புகள் இருக்கும். எல்லாவற்றையும்விட அதிகமாகக் கிடப்பது, கைப்பிள்ளைகளுக்குக் கட்டிக் கழற்றி எறியும் பம்பஸ்.

கடல் தண்ணீர் குடித்து, மணல் ஏறி, ஒவ்வொன்றும் செங்கல் கனம் இருக்கும். இழுத்தால் வெடிக்கும். உள்ளே இருக்கும் ஜெலி மணலோடு கலந்துவிடும். அதைப் பொறுக்க ஒரு வழியும் இல்லை. நாங்கள் பொறுக்கிவிட்டு வந்தால் அடுத்த சனிக்கிழமையும் அதே அளவு கிடக்கும்.

இரண்டு மாதத்துக்கு முன் நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். கட்டி எறிந்த பைகளை அவிழ்ப்போம். உள்ளே மருந்து உறை, கரண்ட் பில், கிளினிக் துண்டு ஏதாவது இருக்கும். பெயர் கிடைத்தால் பையைக் கொண்டுபோய் அந்த வீட்டு வாசல் கேற்றில் மாட்டுவோம். ஏசத் தேவையில்லை. கதைக்கவும் தேவையில்லை.

எங்கள் தலைவர் அஷ்ரப் சேர் பாடசாலையில் சுகாதாரம் படிப்பிக்கிறவர். அவர் தயங்கினார். "பொம்புளைகள்ர மானம் போகும், சிப்லி."

"போனாத்தான் சேர் நிப்பாட்டுவாங்க."

மூன்று வீடுகளில் மாட்டினோம். மூன்றாவது எங்கள் ஒழுங்கையில், எனக்கு எதிர்வீடு. உம்மு ராத்தா. கணவர் கட்டாரில், கையில் இரட்டைப் பிள்ளைகள். அன்றிலிருந்து என்னைக் கண்டால் அவர் கேற்றைச் சாத்திவிடுவார்.

இந்தச் சனிக்கிழமை பக்கத்து ஊர் பாண்டிருப்புச் செல்லத்தம்பி அண்ணனின் ஆட்கள் கரைவலை இழுத்து முடித்திருந்தார்கள். எங்களைக் கண்டதும் அவர் சத்தம் போட்டார்.

"வாங்க வாங்க! உங்கட ஊர்ப் புள்ளையள்ர சாமான் எல்லாம் என்ட வலைக்குள்ளதான் கிடக்கு. கிலோ என்ன விலைக்கு எடுக்கிறியள்?"

"உங்கட ஊர்ப் புள்ளையள் பம்பஸ் கட்டுறல்லயா அண்ணன்?" என்றார் அஷ்ரப் சேர்.

"கட்டுறதான். ஆனா நீர் வடக்க இழுக்குது பாருங்க. எங்கட மருதமுனைக்குப் போயிரும், உங்கட எனக்கு வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். வலையில் ஒரு கூடை கீரிமீன் இருந்தது. மிச்சமெல்லாம் பம்பஸ்தான்.

நான் கொஞ்சம் தள்ளிப் போய், அடம்பன் கொடிக்குள் கிடந்த ஒரு கறுப்புப் பையை எடுத்தேன். இரட்டை முடிச்சு. அவிழ்த்தேன். ஆறு பம்பஸ், ஒரு மருந்து உறை. உறையில் நீலப் பேனையால் எழுதியிருந்தது: மனால், 7 மாதம், காய்ச்சல் பாணி, நாளுக்கு மூன்று முறை.

மனால் என் மகள்.

அவள் பிறந்த அன்று அவளுடைய உம்மா நுஸ்கியா மௌத்தாகிப் போனாள். நாற்பதாம் நாள் கழிந்த கிழமை நான் இந்தக் குழுவில் சேர்ந்தேன். விடுமுறை நாளில் வீட்டை விட்டுப் போக ஒரு காரணம் வேண்டியிருந்தது. கடற்கரையைப் பற்றி அதற்கு முன் நான் யோசித்ததே இல்லை.

அஷ்ரப் சேர் பின்னால் வந்து பார்த்துவிட்டார். உறையை என் கையிலிருந்து எடுத்து இரண்டாகக் கிழித்தார்.

"இதுல பேர் ஒண்டும் இல்ல," என்றார்.

"இரிக்கி சேர்."

"சிப்லி, உங்கட நிலைமை ஆருக்குத் தெரியா? ஒருத்தரும் உங்களக் கேக்க மாட்டாங்க."

"உம்மு ராத்தாட நிலைமையும் தெரியும்தானே. மாட்டினமே."

"அது வேற."

"என்ன வேற?"

அவர் துண்டுகளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மற்ற ஆறு பேரும் மணலைப் பார்த்தார்கள். ஏழு மாதமாக எல்லோரும் இப்படித்தான். பள்ளிவாசலில், வேலைசெய்யும் கந்தோரில், சலூனில், நான் வந்தால் கதை நிற்கும். நான் பிந்தி வந்தாலும் சரி, வேலையை மறந்தாலும் சரி. எனக்கு எல்லாம் மன்னிப்பு. அதைக் காணக் காண எரிச்சல்தான் வருகிறது.

பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

எங்கள் பக்கத்தில் வீட்டைப் பெண்ணுக்குத்தான் கட்டிக் கொடுப்பார்கள். நானும் கலியாணம் முடித்து நுஸ்கியாவின் வீட்டுக்கு வந்தவன். அவள் போனபிறகு அந்த வீட்டில் நான் யார் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பின்வளவில் அவளுடைய கூடப்பிறந்த ராத்தா கமீலாவின் வீடு. கமீலா மதினி தன் மகனோடு சேர்த்து மனாலுக்கும் பால் கொடுக்கிறார். குளிப்பாட்டுவது, நித்திரையாக்குவது, மருந்து கொடுப்பது எல்லாம் அவர்தான். அவர் கைவிட்டால் பிள்ளையை நிந்தவூருக்கு என் உம்மாவிடம் கொண்டுபோக வேண்டும். உம்மாவுக்குக் கட்டிலை விட்டு எழும்ப ஏலாது.

இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் பையை எங்கள் கேற்றில் மாட்டினேன்.

உம்மு ராத்தா எதிரே முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். விளக்குமாற்றுச் சத்தம் நின்றது.

மதினி மனாலை இடுப்பில் வைத்தபடி வந்தார். "என்ன மச்சான் இது?"

"எங்கட பை. கடக்கரையில கிடந்த."

"அங்க கிடந்தத ஏன் இஞ்ச தூக்கிட்டு வந்த?"

"எல்லாருக்கும் செஞ்சதத்தான் செஞ்ச."

மதினி எதிர்வீட்டைப் பார்த்தார். குரலைக் குறைத்தார். "நான் என்ன கள்ளியா? ஊர் பாக்கக் கட்டித் தூக்கிரிக்கிங்க. குப்பை எடுக்க வாற டிரக்டர்காரன் பம்பஸக் கண்டா பைய அப்பிடியே கீழ எறிஞ்சிட்டுப் போறான். தாட்டா நாய் தோண்டுது. எங்க போடச் சொல்றீங்க? சொல்லுங்க, போடுறன்."

"எரிக்கலாம்தானே."

"எரிச்சா புள்ளைக்கு மேலெல்லாம் கொப்பளம் போடும். தெரியாதா உங்களுக்கு?"

"அது பொய் மதினி. நான் படிச்சவன்."

"ஓம், படிச்ச ஆள். ஏழு மாசத்துல ஒரு பம்பஸ் மாத்திரிக்கிங்களா?"

நான் பையின் முடிச்சை இறுக்கினேன்.

"ஒண்டு. ஒண்டே ஒண்டு. எந்தப் பக்கம் முன்னுக்கு வாற எண்டு தெரியுமா, சொல்லுங்களன்?"

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு செருமல் கேட்டது.

மதினி மனாலை என் கையில் தந்தார். உள்ளே போய் பம்பஸ் பக்கற்றையும் பால்மா டின்னையும் போத்தலையும் கொண்டுவந்து படியில் வைத்தார். "பொழுதுபட்டு மஃரிபு வரைக்கும் நீங்க பாருங்க. கடலையே கூட்டுற ஆளுக்கு இது ஒரு வேலையா?"

போய்விட்டார். பின்வளவுக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

மனால் என்னைப் புதிதாகக் கண்ட ஆளைப் போலப் பார்த்தாள். அவளில் பிழையில்லை.

முதலாவதைக் கட்டி முடிக்கும்போது இரண்டு தரம் அழுதாள். இரண்டாவதில் ஒட்டும் பகுதி கிழிந்தது. பகல் ளுஹருக்கு நான் பள்ளிக்குப் போகவில்லை. பால் சூடா, ஆறியதா என்று தெரியாமல் என் மணிக்கட்டில் ஊற்றி ஊற்றிப் பார்த்தேன். பின்னேரம் அஸர் ஆகும்போது நான்கு கழிந்திருந்தன. கேற்றில் தொங்கிய ஆறோடு சேர்த்தால் பத்து. வெயிலில் பை ஊதி மணக்கத் தொடங்கியது.

அவளைத் தொட்டிலில் போட்டுவிட்டு, கேற்றுப் பையையும் எடுத்துக்கொண்டு பின்னால் தென்னைக்கு அடியில் சருகு எரிக்கும் குழிக்குப் போனேன். பத்தையும் கொட்டி மண்ணெண்ணெய் ஊற்றினேன். நான் இரசாயனவியல் பட்டதாரி. பொலித்தீன், பஞ்சு, தண்ணீரை உறிஞ்சும் ஒரு தூள். எரித்தால் நச்சுப் புகை வரும். அந்தப் புகை படாத இடத்தில் நித்திரை கொள்ளும் பிள்ளைக்கு ஒன்றும் நடக்காது.

நெருப்புக்குச்சியைக் கிழித்தேன். அது விரல் வரை எரிந்து அணைந்தது. இன்னொன்று கிழித்தேன். அதுவும் அப்படித்தான். நுஸ்கியாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றும், ஒன்றும் நடக்காது என்று அவளிடம் சொன்னவன் நான்தான்.

மூன்றாவது குச்சியை எடுக்கவில்லை. எல்லாவற்றையும் மறுபடி பொறுக்கிப் பைக்குள் போட்டேன். மனாலைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன்.

உம்மு ராத்தா இந்தமுறை கேற்றைச் சாத்தவில்லை.

"ராத்தா, நீங்க இப்ப எங்க போடுற?"

"ஏன், அதையும் எடுத்து மாட்டவா?"

"இல்ல. தெரியாமத்தான் கேக்கிறன்."

அவர் என் கையிலிருந்த பையைப் பார்த்தார். மண்ணெண்ணெய் மணத்திருக்க வேண்டும். வளவுக்குள் முன்னால் நடந்தார். கிணற்றுக்குப் பின்னால், மதில் ஓரமாக, ஓட்டைத் தகரம் ஒன்றின் கீழ் பதினொரு உரப்பைகள் அடுக்கியிருந்தன. வாய்கள் நைலோன் கயிற்றால் கட்டியிருந்தன. ஈ மொய்த்தது.

"ரெண்டு மாசத்துட," என்றார். "உங்கட புண்ணியத்துல."

"மழை வந்தா?"

"அத நீங்கதான் சொல்லணும். கூட்டம் போடுற ஆக்கள் நீங்கதானே."

நாங்கள் கூட்டம் போட்டோம்தான். ஆறு கூட்டம். கையுறை பற்றிக் கதைத்தோம், ரீ-சேட் நிறம் பற்றிக் கதைத்தோம். கடற்கரையில் கிடக்கக் கூடாதது வேறு எங்கே போக வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

உம்மு ராத்தா மனாலை வாங்கிக் கிணற்றுக் கட்டில் கிடத்தினார். "பின்பக்கத்த முன்னுக்குக் கட்டிரிக்கிங்க. காலடியால ஒழுகுது." அவிழ்த்து, திருப்பி, ஒரு நொடியில் கட்டினார். பிறகு பன்னிரண்டாவது உரப்பையை எடுத்து வாயை விரித்துப் பிடித்தார். "போடுங்க."

போட்டேன்.

வீட்டுக்கு வந்து அஷ்ரப் சேருக்கு அழைத்தேன். இனி ஒரு கேற்றிலும் பை மாட்டக் கூடாது என்றேன்.

"அப்ப என்ன செய்யிற சிப்லி?"

"தெரியாது சேர்."

"நீங்கதானே முதல்ல சொன்ன."

"ஓம்."

பிறகு, நான் வீட்டில் ஓய்வாக இருக்கலாம், அடுத்த கிழமை வரத் தேவையில்லை என்றார் சேர். மிகவும் அன்பாகச் சொன்னார். நான் அழைப்பைத் துண்டித்தேன்.

மஃரிப் பாங்கு சொல்லும்போது கமீலா மதினி வந்தார். மனாலை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனார். அழுகை நின்றது. வெகுநேரம் கழித்து வெளியே வந்து, பிள்ளையை என்னிடமே நீட்டினார்.

"ராவைக்கு நீங்க மாத்துங்க. நான் பால் குடுக்க வாறன்."

"சரி."

"எத்தின போச்சு?"

"நாலு. உம்மு ராத்தா திருப்பிக் கட்டினதோட அஞ்சு."

"கழட்டினத எங்க போட்ட?"

"அவட பின்வளவுல. உரப்பையில."

மதினி கேற்றைப் பார்த்தார். அங்கே பை இல்லை. "நாளைக்கு எங்க?" என்றார்.

மனால் என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தாள். மதினி பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார். படியில் கிடந்த பக்கற்றில் இன்னும் பதினெட்டு இருந்தன.