அறை பயன்பாட்டில் இல்லை

1

இந்தக் கதை ஒரு சொடுக்கில் பிறந்தது. சொடுக்கிய விரல் என்னுடையது. "சென்ற ஆண்டின் விவரங்களை அப்படியே எடுத்துக்கொள்ளவா?" என்று வரிப் படிவம் கணினித் திரையில் கேட்டது. ஓம் என்றேன். அன்றைக்கு அது ஒன்பதாவது படிவம். அடுத்த வருடமும் கேட்டது. அடுத்த வருடமும் ஓம் என்றேன். இப்படியாக, லாங்கன்தால் என்ற ஊரில் ஓர் ஆள் படுத்தெழும்பும் அறையை இரண்டு வருடமாக அரசாங்கத்தின் கண்ணில் வெறும் அறையாக வைத்திருந்தேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பனி பெய்துகொண்டிருந்தது. யோகராஜா ஜன்னலூடாக…" பனி பெய்யவில்லை. மார்ச் மாதம், வெறும் சேறு. பிறகு: "வரி என்பது மனிதன் தன்னைப் பற்றி அரசுக்கு எழுதும்…" இப்படித் தொடங்குகிற ஒன்றை நானே வாசிக்கமாட்டேன்.

இனி யோகராஜா என்றொருவர் வருவார். அது நான்தான். தன்னைப் பற்றி இன்னொருவர் மாதிரி எழுதினால் வெட்கம் கால்வாசி குறைகிறது.

2

யோகராஜா பேர்ண் நகரில் ட்ராம் ஓட்டுகிறவர். [ஒரு பிரதியில் அவரை வழக்கறிஞர் ஆக்கினேன். வாசித்துவிட்டு மனைவி சிரித்த சிரிப்பில் திரும்ப ட்ராமில் ஏற்றிவிட்டேன்.] ஜெர்மன் ஓரளவு வாசிப்பார். ஆகவே மாசி, பங்குனியில் சனி ஞாயிறெல்லாம் ஊராரின் குசினி மேசைகளில் கழியும். கூலி வாங்கமாட்டார், தின்ன ரோல்ஸ் வாங்குவார். யாரும் படிவத்தை வாசிப்பதில்லை. "நீர் பாத்தாச் சரிதானே, தம்பி" என்றுவிட்டு, அவர் விரல் காட்டிய இடத்தில் கையெழுத்து வைப்பார்கள்.

மகேந்திரனும் திரேசாவும் அப்படித்தான் வைத்தார்கள். அவர் தொழிற்சாலையில் இயந்திரம் பார்ப்பவர், அவ வைத்தியசாலைச் சமையலறையில். பதினைந்து வருடத்துக்கு முன் கடனெடுத்து லாங்கன்தாலில் ஒரு சின்ன வீடு வாங்கினார்கள். ஒரே மகன் யதுசன். நாலு வருடத்துக்கு முன் காதலியோடு ஆரா நகரில் குடியேறினான். சண்டை ஏதுமில்லை. சண்டை இருந்திருந்தால் கதைக்கு நல்லது. சமாதானம் என்றொரு முடிவாவது கிடைத்திருக்கும். அவன் நத்தார் பண்டிகைக்கு வருவான், சாப்பிடுவான், கடைசி ரயிலைப் பிடித்துப் போய்விடுவான்.

இந்த நாட்டில் சொந்த வீட்டில் இருப்பவர், தன் வீட்டைத் தனக்கே வாடகைக்கு விட்டிருப்பதாகக் கற்பனை செய்து, அந்தக் கற்பனை வாடகைக்கும் வரி கட்ட வேண்டும்.* பிள்ளைகள் போய் அறை உண்மையாகவே சும்மா கிடந்தால், மத்திய வரியில் அதற்குக் கொஞ்சம் கழிவு உண்டு. யோகராஜா இந்த விதியைத் தோண்டி எடுத்தார். குறிப்புப் பெட்டியில் ஜெர்மனில் எழுதினார்: "மகன் நிரந்தரமாக வெளியேறிவிட்டார். அறை பயன்பாட்டில் இல்லை." வினைச்சொல் சரியான இடத்தில் விழுந்ததில் அவருக்குப் பெரும் புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. இருபது வருடமாகக் கதை எழுதுகிறேன். யாரோ ஒருவர் முடிவுவரை வாசித்திருப்பார் என்று நான் நிச்சயமாக நம்பும் வாக்கியங்கள் இந்த இரண்டும்தான்.

அதன் கீழே திரேசா கையெழுத்து வைத்தா. என்ன எழுதியிருக்கிறது என்று அவ கேட்கவில்லை. யோகராஜா சொல்லவுமில்லை.

* மக்கள் வாக்களித்து இதை ஒழித்தாயிற்று. நடைமுறைக்கு வர இன்னும் கொஞ்சக் காலம் இருக்கிறது. அதுவரை என்னைவிடத் துணிந்த புனைகதைக்காரர் அரசாங்கம்தான்.

3

பிறகு கிஷோபன் வந்தான். முதியோர் இல்லமொன்றில் சமையல் வேலை, இருக்க இடமில்லை. அவனை அந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனவர் வேறு யாருமில்லை, யோகராஜாதான். யதுசனின் கட்டில், யதுசனின் மேசை, அலுமாரியில் பாதி. மற்றப் பாதியில் யதுசனின் உதைபந்துச் சட்டைகள்.

மாதம் பிறந்தால் கிஷோபன் அறுநூறு பிராங்கை ஓர் உறையில் போட்டு மாதா சுரூபத்தின் பக்கத்தில் வைப்பான். கையில் கொடுப்பதில்லை, வாடகை என்று சொல்வதில்லை. எங்கட பெடியனிடம் வாடகை வாங்குவது மரியாதையில்லை. அது சாப்பாட்டுக் காசு. ஆகவே "வேற வருமானம் ஏதும் இருக்கோ அண்ணை?" என்று யோகராஜா கேட்கும்போது மகேந்திரன் சத்தியமாக இல்லை என்பார். இவரும் மென்றுகொண்டே தலையாட்டுவார். ரோல்ஸ் தட்டை நீட்டிக்கொண்டிருப்பது கிஷோபன்.

அவன் நகரசபையில் அந்த விலாசத்தில் முறையாகப் பதிந்திருக்கிறான். அதாவது, நகரசபைக் கோப்பில் அந்த அறையில் ஓர் ஆள் இருக்கிறான். வரிக் கோப்பில் யாருமில்லை. இரண்டு கோப்புகளும் ஒருநாள் சேர்ந்து கோப்பி குடித்தால்?

4

இந்த மார்ச்சில்தான் யோகராஜா தான் எழுதியதைத் தானே வாசித்தார். அன்றிலிருந்து நித்திரை இல்லை. ட்ராமை ஒரு தரிப்பில் நிறுத்தாமல் கொண்டுபோய்ச் சனத்திடம் பேச்சு வாங்கினார்.

விதி இதுதான்: வரி அலுவலகத்தார் கண்டுபிடிக்கும் முன் நாமாகச் சொன்னால் தண்டம் இல்லை, விடுபட்ட வரியும் வட்டியும் மட்டும். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை. அவர்கள் முந்தினால் தண்டமும் சேரும். திருத்த வேண்டிய கணக்கு சுலபம்: வாடகை வருமானத்தில் ஏறும், கட்டில், மேசைத் தளபாடத்தோடு விட்டபடியால் ஐந்தில் ஒன்று தேய்மானமாகக் கழியும், அந்த அறையின் கற்பனை வாடகை போய்விடும். மூன்றே வரியில் ஒரு கடிதம், இரண்டு கையெழுத்து.

மகேந்திரன் "அவவைக் கேளும்" என்று ஒதுங்கிவிட்டார். யோகராஜா திரேசாவுக்கு மூன்று தடவை தொலைபேசி எடுத்தார். அது வாடகை அறையா என்று கேட்டார். முதல் தடவை, அது யதுசன்ர அறை என்றா. இரண்டாம் தடவை, கிஷோபன் பிள்ளை மாதிரி என்றா. மூன்றாம் தடவை, தேத்தண்ணி குடிச்சிட்டீரோ என்று விசாரித்தா. ஒவ்வொரு தடவையும் இவர், "என்னில கோபமோ அக்கா?" என்று கேட்க, "சீச்சீ" என்றா.

லாங்கன்தாலில் தபால்காரர் பதினொரு மணிக்கு வருவார். பேர்ணில் அந்த நேரம் பார்த்து யோகராஜா மணிக்கூட்டைப் பார்ப்பார்.

5

முடிவுகள் மூன்று எழுதினேன்.

அ. வரி அலுவலகத்தின் கடிதம் முந்திக்கொள்கிறது. (தினமும் இதை மனசுக்குள் எழுதுகிறேன். அதனாலேயே தாளில் எழுதப் பயம்.)

ஆ. யதுசன் பெட்டியோடு திரும்பி வருகிறான், தாய் ஓடிப்போய்… [வெட்டிவிட்டேன். அவன் ஆராவில் புதுச் சோபா வாங்கியிருக்கிறான்.]

இ. கிஷோபன் ஒருவருக்கும் பாரமில்லாமல், போர்வையை மடித்து வைத்துவிட்டுப் போகிறான். இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அவனுக்கு வாசித்துக் காட்டினேன்.

"என்னை ஏன் அண்ணை வீட்டால கலைக்கிறியள்? பிழை விட்டது நீங்கள். நீங்கள் போங்கோவன்" என்றான்.

நல்ல பாத்திரம். சொன்ன இடத்தில் நிற்காது.

6

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. வரி அலுவலகம் என்ன எழுதும் என்பதை வாசகர் பார்த்துக்கொள்ளலாம். என்னிடம் இருப்பது போன சனிக்கிழமை மட்டும்.

யோகராஜா… இல்லை, இனி அவர் வேண்டாம். நான் போனேன். கடிதம் பையில். திரேசா அக்கா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தா. மகேந்திரன் அண்ணை தோட்டத்தில் இல்லாத வேலையைத் தேடிக்கொண்டிருந்தார். நான் விதியிலிருந்து தொடங்கினேன். தேய்மானம், ஐந்தில் ஒன்று… அவ வெட்டிக்கொண்டே இருந்தா. கடைசியில் பழைய படிவத்தை எடுத்து, அவவின் கையெழுத்துக்கு மேலே நான் எழுதியிருந்ததைத் தமிழில் வாசித்தேன். மகன் நிரந்தரமாக வெளியேறிவிட்டார்.

கத்தி நின்றது.

"இதை எப்ப எழுதினீர்?"

"அவன் வீட்டை விட்டுப் போன அந்த வருசம்."

"அவன் உமக்குச் சொன்னவனோ?"

இல்லை என்றேன். எனக்கு யாரும் சொல்லவில்லை. கழிவு கிடைக்கும் என்று நானாக எழுதினேன்.

அவ கையைக் கழுவினா. துடைத்தா. கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து, விளங்காத ஜெர்மனை முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் விரல் வைத்துப் பார்த்தா. இந்த முறையும் "சீச்சீ" வரும் என்று நினைத்துக்கொண்டு, என்னில கோபமோ அக்கா என்று கேட்டேன்.

"ஓம், கோபம்தான். அவன் என்ர பிள்ளை. போயிட்டான் எண்டு எழுதுறதெண்டா முதல் என்னட்டக் கேட்டிருக்க வேணும்" என்றா. பேனையை எடுத்தா. "அறை வாடகைக்குத்தான் விட்டிருக்கு. அறுநூறு. எங்க வைக்கிறது கையெழுத்து? அதுக்கு முதல் மேல என்ன கிடக்கெண்டு வாசியும்."